கறுப்பு என்று நாங்கள் நினைத்த கதவுகள்

அந்தக் கதவுகளை நான் முதலில் பார்த்தபோது அவற்றின் கைப்பிடிகளில் குழந்தைகளின் குளிர்காலக் கோட்டுகள் தொங்கிக்கொண்டிருந்தன. எண்பதுகளின் நடுவில் ஒரு ஜனவரி மாதம். நியூ ஜெர்சியில் எங்களுக்குத் தெரிந்த ஒரு டாக்டர் ஆன்ட்டி, பிரின்ஸ்டன் பக்கம் பெரிய வீடு ஒன்றை வாங்கி கிரகப்பிரவேசத்துக்கு எல்லோரையும் கூப்பிட்டிருந்தார். முப்பது நாற்பது தமிழர்கள் காகிதத் தட்டில் சாம்பார் சாதத்தை வைத்துக்கொண்டு, எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தோம். வீட்டில் நாற்காலியே கிடையாது. முன்பு இருந்தவர்களின் பிள்ளைகள் மேஜை, விளக்கு, கண்ணாடி என்று எல்லாவற்றையும் ஏலத்துக்கு எடுத்துப் போய்விட்டார்கள். இந்தக் கதவுகளை மட்டும் விட்டுவிட்டார்கள். கீல்கள் சுவருக்குள் ஆழமாகப் பதிந்திருந்தன. ஒவ்வொரு கதவும் நாலு ஆள் கனம்.

சாப்பாட்டு அறைக்கும் அதற்கு அடுத்த அறைக்கும் நடுவில் அவை நின்றன. ஏழடி உயரம், இரும்புச் சட்டம், அதற்குள் வெண்கலத் தகடு. தகட்டைப் பின்பக்கம் இருந்து தட்டித் தட்டி ஏதேதோ உருவங்களை எழுப்பியிருந்தார்கள். இலையா, மேகமா, வெறும் புடைப்பா என்று சொல்ல முடியாது. எல்லாம் ஒரே கறுப்பு. விரலால் தொட்டால் பிசுபிசுத்தது.

வீட்டைக் கட்டியவர் ஐம்பதுகளில் பாரிஸுக்குப் போய், அங்கே ஒரு உள்ளலங்கார நிபுணரை அமர்த்தி, மொத்த வீட்டுக்கும் வேண்டியதைச் செய்து கப்பலில் வரவழைத்தாராம். வீட்டை விற்றுக்கொடுத்தவர் ஆன்ட்டியிடம் சொன்னது அவ்வளவுதான். கதவைச் செய்தவர் யார் என்று அவருக்கும் தெரியவில்லை.

ஆன்ட்டி மயக்க மருந்து டாக்டர். ஐம்பது வயதிருக்கும். சேலத்துக்காரர், மெட்ராஸில் படித்தவர். மெதுவாகப் பேசுவார், ஆனால் அவர் பேச ஆரம்பித்தால் சுற்றி இருப்பவர்கள் நிறுத்திவிடுவார்கள். அன்று கூட்டத்துக்கு நடுவில் என் கையைப் பிடித்து அந்தக் கதவுகளுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

"வந்தவங்கள்ல நாலு பேர் கேட்டுட்டாங்க, என்ன டாக்டர், வீட்டுக்குள்ள ஜெயில் கதவு வச்சிருக்கீங்கன்னு. இதுக்கு அந்தப் பக்கம்தான் பூஜை ரூம் பண்ணலாம்னு இருக்கேன். நீ ப்ளேட்டிங் கம்பெனில வேலை பார்த்தவதானே? இதை க்ளீன் பண்ணி பளபளன்னு ஆக்க முடியுமா?"

முடியும் என்று உடனே சொல்லிவிட்டேன். கதவைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. ஒரு வேலையை என்னால் செய்ய முடியுமா என்று யாரும் என்னைக் கேட்டு இரண்டு வருடங்கள் ஆகியிருந்தன.

கல்யாணத்துக்கு முன்பும் பிறகும் அம்பத்தூரில் ஒரு முலாம் பூசும் தொழிற்சாலையில் நான் வேதியியல் பிரிவில் இருந்தேன். கணவருக்கு நியூ ஜெர்சியில் மருந்துக் கம்பெனியில் வேலை கிடைத்ததும் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் ஒரு அபார்ட்மென்டுக்கு வந்தோம். என் விசாவில் வேலை செய்ய அனுமதி கிடையாது. மகள் பள்ளிக்குப் போன பிறகு சமைப்பேன், துணி துவைப்பேன், ஜன்னல் வழியாக பார்க்கிங்கைப் பார்ப்பேன். கிரீன் கார்டு வரட்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்குத் தெரிந்த வேதியியல் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிப் போவதுபோல் இருந்தது. ஆன்ட்டிக்கு நான் உதவி செய்தேன் என்று பின்னால் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். உண்மையில் யார் யாருக்கு உதவினார்கள் என்பது வேறு விஷயம்.

ஆன்ட்டி ஒரு சாவியைக் கொடுத்தார். வாரத்தில் மூன்று நாள் மகளைப் பள்ளி பஸ்ஸில் ஏற்றிவிட்டு, புதிதாகக் கற்றுக்கொண்ட டிரைவிங்கில் இரு கையாலும் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ரூட் ஒன் நெடுஞ்சாலையில் போவேன். ஆன்ட்டியும் அவர் கணவரும் ஆஸ்பத்திரியில் இருப்பார்கள். அந்தப் பெரிய காலி வீட்டில் நானும் கதவுகளும் மட்டும்.

இடது கதவின் கீழ் மூலையில் ஆரம்பித்தேன். அசிட்டோனில் துணியை நனைத்துத் துடைத்ததும் துணி காப்பிக் கஷாயம் மாதிரி ஆனது. அதற்குக் கீழே இன்னும் கறுப்பு. கடையில் விற்கும் பித்தளை பாலிஷை எடுத்துத் தேய்த்தேன். அம்மோனியா வாடை மூக்கில் ஏறியது. பத்து நிமிடம் தேய்த்த பிறகு கறுப்புக்குள்ளிருந்து ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் பொன்னிறம் எழுந்து வந்தது. நான் தரையில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன். அம்பத்தூரில் தொட்டியிலிருந்து முலாம் ஏறிய முதல் தகட்டை எடுக்கும்போது வரும் அதே சந்தோஷம்.

அப்படியே ஆறு வாரம். மேலே போக ஏணி போட்டேன். நகங்கள் கறுத்தன, தோள் வலித்தது. ஆன்ட்டி மாலையில் போன் செய்து, இன்று எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று கேட்பார். வந்து பார்த்த உறவினர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். மார்ச் நடுவில் இடது கதவு முழுவதும் புதுக் குத்துவிளக்கு மாதிரி மின்னியது. இனி வலது கதவு.

அன்று மகள் ஒரு சிநேகிதியின் பிறந்தநாளுக்குப் போயிருந்தாள். வழக்கமாக இரண்டு மணிக்குக் கிளம்பும் நான் ஐந்து வரை இருந்தேன். பாத்திரங்களைக் கழுவி வைத்துவிட்டுச் சாப்பாட்டு அறைக்குத் திரும்பினேன். மேற்கு ஜன்னல் வழியாக வெயில் தாழ்வாக, சாய்வாக உள்ளே வந்திருந்தது. அந்த நேரத்து வெயிலை நான் அந்த அறையில் அதுவரை பார்த்ததே இல்லை.

வலது கதவில் ஒரு நாரை நின்றுகொண்டிருந்தது.

என்னளவு உயரம். ஒரு காலைத் தூக்கி, கழுத்தைப் பின்னால் இழுத்து, எதையோ பார்த்தபடி நின்றது. அதற்குப் பின்னால் நாணல்கள். காலடியில் தண்ணீர், தண்ணீரின் மேல் அல்லி இலைகள். இலையின் ஓரங்களில் மெல்லிய வெளிச்சம், நடுவில் இருட்டு. நாணல் முனைகளில் மட்டும் பொன்னிறம், அடியில் போகப் போகப் பழுப்பு, பிறகு பச்சை, பிறகு கறுப்பு. அங்கே ஒரு குளம் இருந்தது. அதற்கு ஆழம் இருந்தது.  தகட்டின் தடிமன் கால் அங்குலம்கூட இருக்காது. அதற்குள் எப்படி இவ்வளவு தூரம் போக முடிந்தது?

பிறகு இடது பக்கம் திரும்பினேன். அங்கேயும் அதே வெயில்தான் விழுந்தது. ஆனால் அங்கே நாரை இல்லை, தண்ணீர் இல்லை. மேடும் பள்ளமும் ஒன்றுபோல் பளபளத்தன. கண் கூசியது. ஆறு வாரம் நான் தேய்த்த உலோகம் மட்டும் இருந்தது.

எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. அந்தக் கறுப்பு அழுக்கில்லை. முழுவதும் அழுக்கில்லை. கதவைச் செய்தவர் வெண்கலத்துக்கு ரசாயனத்தால் நிறம் ஏற்றி, பிறகு ஒளி விழ வேண்டிய இடத்தில் மட்டும் துடைத்து எடுத்திருக்கிறார். சுத்தியலால் பாதிப் படத்தையும் நிறத்தால் மீதிப் படத்தையும் வரைந்திருக்கிறார். அதன்மேல் பூசிய வார்னிஷ், முப்பது வருட சிகரெட் புகையில் பழுத்துக் கறுத்திருக்கிறது. எடுக்க வேண்டியது அந்த வார்னிஷை மட்டும்தான். நான் படத்தையே எடுத்துவிட்டேன்.

தொழிற்சாலையில் எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது, மேற்பரப்பில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் எதையும் தொடாதே என்பதுதான். ஒரு லென்ஸை வைத்து ஐந்து நிமிடம் பார்த்திருந்தால் போதும். நான் பார்க்கவில்லை. பளபளப்பு வந்ததும் மற்றதெல்லாம் மறந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் காரியத்தை எளிதாக்கிப் பார்க்கிறவர். "ஆன்ட்டி என்ன கேட்டாங்க? ஷைன் ஆகணும்னு கேட்டாங்க. ஷைன் ஆயிடுச்சு. இன்னொண்ணையும் முடிச்சுக் குடுத்துட்டு வா. யாருக்குத் தெரியப்போகுது?" என்றார். எனக்குத் தெரியுமே என்று சொன்னேன். 

ஒரு வாரம் நான் அந்த வீட்டுப் பக்கமே போகவில்லை. ஜலதோஷம் என்று ஆன்ட்டியிடம் பொய் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை பூசையில் பாதிரியார் என்ன பிரசங்கம் செய்தார் என்று கேட்டிருந்தால் ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்க மாட்டேன். கண்ணை மூடினால் நாரை வந்து நின்றது. நான் செய்த தவறைவிட, அந்தக் கதவைச் செய்தவரின் வேலைதான் என்னைத் தூங்கவிடவில்லை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். எங்கோ பாரிஸில், போர் முடிந்து சில வருடங்களே ஆன ஊரில், ஒருவர் ஒரு வெண்கலத் தகட்டின் முன் உட்கார்ந்து, இந்த நாணல் எவ்வளவு பச்சையாக இருக்கவேண்டும் என்று யோசித்திருக்கிறார்.

திரும்பப் போனபோது ஒரு லென்ஸ், ஒரு டார்ச், ஸ்க்ரூடிரைவர் மூன்றும் கொண்டு போனேன். இரண்டு கதவிலும் பூட்டுக்காக உள்ளங்கை அகலத்தில் ஒரு பித்தளைத் தகடு அடித்திருந்தது. அதன் திருகுகள் அமெரிக்க வகை. அதாவது பூட்டை இங்கே வந்த பிறகு யாரோ பொருத்தியிருக்கிறார்கள். அப்படியானால் அதற்கடியில் கதவு பாரிஸிலிருந்து வந்தபடியே இருக்கும். அதற்குள் புகை நுழைந்திருக்காது. என் பாலிஷும் நுழைந்திருக்காது.

வலது கதவின் தகட்டைக் கழற்றினேன். அடியில் ஒரு நாணல் தண்டு. அதன்மேல் ஒரு தட்டான்பூச்சி.

நகத்தைவிடச் சற்றுப் பெரியது. இறக்கைகளில் நரம்புகள்கூட இருந்தன. இறக்கை வெள்ளியாக இருந்தது. உடல் நீலமும் கறுப்பும். நேற்று செய்து முடித்ததுபோல் இருந்தது. பூட்டைப் பொருத்தியவர் அதைப் பார்த்திருப்பார். பார்த்துவிட்டுத்தான் அதன்மேல் தகட்டை வைத்துத் திருகியிருக்கிறார். நல்லவேளை, திருகு அதன்மேல் இறங்கவில்லை. லென்ஸைக் கண்ணோடு ஒட்டிவைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் முழங்காலில் நின்றேன் என்று தெரியவில்லை. எழுந்தபோது கால் மரத்துப் போயிருந்தது.

இடது கதவின் தகட்டுக்கடியில் பூச்சி இல்லை. ஒரு இலையின் பகுதியும் கொஞ்சம் தண்ணீரும் இருந்தன. ஆனால் நிறம் இருந்தது. அந்த உள்ளங்கை அளவு இடத்தை வைத்து மீதிக் கதவு எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம் என்று தோன்றியது.

அன்று ஆன்ட்டி வரும்வரை காத்திருந்தேன். அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும், ஷூவைக் கழற்றக்கூட விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். கெடுத்துவிட்டேன் என்ற வார்த்தையை மூன்று நான்கு முறை சொல்லியிருப்பேன். அவர் முகம் இறுகியது.

"அப்போ நான் கேட்டதே தப்பா?" என்றார்.

"நீங்க கேட்டது தப்பில்ல ஆன்ட்டி. நான் பாக்காம ஆரம்பிச்சதுதான் தப்பு."

அவர் டார்ச்சை என் கையிலிருந்து வாங்கி, மூக்குக்கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு தட்டான்பூச்சிக்கு முன்னால் குனிந்தார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்தார். நான் லென்ஸைக் கொடுத்தேன். நேரம் போய்க்கொண்டே இருந்தது. நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன்.

"நாரை காலைப் பாரு," என்றார் கடைசியில். "பழுப்புன்னு சொன்னியே. பழுப்பு இல்ல. உள்ள நீலம் இருக்கு."

நான் குனிந்து பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை. அவர் டார்ச்சைத் தள்ளிச் சாய்த்துப் பிடித்தார். மெல்லிய நீலம், பழுப்புக்கு அடியில். அன்று பகல் முழுக்க லென்ஸ் வைத்துப் பார்த்த என் கண்ணுக்குப் படாதது, வேலை முடித்துக் களைத்து வந்தவரின் கண்ணுக்கு ஒரே பார்வையில் பட்டது. இருபத்தைந்து வருடமாகத் தன் வேலையே அதுதான் என்றார். மேஜைமேல் படுத்திருப்பவரின் உதடும் நகமும் எப்போது சிவப்பிலிருந்து நீலத்துக்குப் போகின்றன என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பது. மெஷின் பிறகு சொல்லும், கண் முதலில் சொல்லிவிடும் என்றார்.

அதற்குப் பிறகு ஜெயில் கதவு என்ற பேச்சு அந்த வீட்டில் வரவில்லை. வலது கதவில் வார்னிஷை மட்டும் எடுப்பது, இடது கதவுக்குத் திரும்ப நிறம் ஏற்ற முயற்சி செய்வது என்று அன்றே முடிவு செய்தோம். எனக்கு அவசரம் இருந்தது. ஆன்ட்டிதான் நிதானமாக, கதவு எங்கேயும் ஓடிப்போகாது, முதலில் படி என்றார்.

படித்தேன். எங்கள் ஊர் நூலகத்தில் இருந்த பெண்மணி, வேறு நூலகங்களிலிருந்து பெரிய பெரிய படப் புத்தகங்களை எனக்காக வரவழைத்துக் கொடுத்தார். போருக்குப் பிந்தைய பாரிஸ் வீடுகளின் கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள். எங்கள் கதவுகள் அவற்றில் இல்லை. ஆனால் அவற்றின் உறவுகள் இருந்தன. சூரியனும் நட்சத்திரமும் பதித்த இரும்புக் கதவுகள், கொடி படர்ந்த கதவுகள், குதிரைகள் பாயும் கதவுகள். அந்த அறைகளில் உச்சியில் விளக்கு இல்லை என்பதை நான் மெதுவாகத்தான் கவனித்தேன். சுவரில், உட்கார்ந்திருப்பவரின் தலை உயரத்தில், சின்னச் சின்ன விளக்குகள். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருப்பவர் பார்ப்பதற்கென்றே அந்தக் கதவுகளைச் செய்திருக்கிறார்கள். ஆன்ட்டி வீட்டுச் சாப்பாட்டு அறைச் சுவரிலும், கதவுக்கு இரண்டு பக்கமும் அதே உயரத்தில் வெளிறாத வட்டங்கள் இரண்டு இருந்தன. அங்கே இருந்த விளக்குகளை ஏலத்துக்குக் கழற்றிப் போயிருக்கிறார்கள். நாங்கள் உச்சியில் டியூப் லைட்டைப் போட்டுக்கொண்டு, கதவு அசிங்கமாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

வலது கதவை ஏப்ரலிலிருந்து ஜூலை வரை செய்தேன். ஆன்ட்டி மருந்துக்கடையில் பஞ்சுக் குச்சிகளைப் பெட்டி பெட்டியாக வாங்கி வந்தார். அவர் கணவர் அறுவை சிகிச்சை டாக்டர், அதிகம் பேசாதவர். ஒரு சனிக்கிழமை என் பக்கத்தில் வந்து நின்று பார்த்துவிட்டு, பஞ்சை அழுத்தாமல் உருட்டச் சொன்னார். அதன்பின் அப்படியே செய்தேன். ஒரு நாளைக்கு ஒரு தபால் கார்டு அளவு இடம்தான் முடியும். பழுப்பு வார்னிஷ் பஞ்சில் ஏறும். அடியில் கதவைச் செய்தவர் வைத்த நிறம் வெளியே வரும். சில நாட்களில் ஒரே ஒரு இலை. அந்த ஒரு இலையைப் பார்க்க நான் மறுநாள் காலை எழுந்ததும் ஆவலாக இருந்தேன்.

இடது கதவுதான் பயமாக இருந்தது. ஒரு பழைய உலோகக் கடையில் வெண்கலத் தகட்டுத் துண்டுகள் கிடைத்தன. கந்தகக் கரைசலைத் தடவினால் வெண்கலம் முதலில் மஞ்சளாகும், பிறகு சிவக்கும், பிறகு நீலம் காட்டும், பிறகு கறுத்துவிடும். வேண்டிய நொடியில் கழுவி நிறுத்தவேண்டும். எங்கள் அபார்ட்மென்ட் பால்கனியில் உட்கார்ந்து துண்டு துண்டாகச் செய்து பார்த்தேன். அழுகிய முட்டை நாற்றம். பக்கத்து வீட்டுக்காரர் காஸ் கசிகிறதோ என்று மேனேஜரைக் கூப்பிட்டுவிட்டார். யாருக்குத் தெரியப்போகுது என்று கேட்ட என் கணவர்தான் அவருக்குப் பதில் சொல்லி அனுப்பினார். பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்து நொடிகளைச் சொல்ல ஆரம்பித்தார். கோடை முழுக்க எங்கள் சனிக்கிழமைகள் அப்படியே போயின.

செப்டம்பரில் கதவில் கை வைத்தேன். முட்டையே நுழையாத ஆன்ட்டி வீட்டில் இரண்டு மாதம் முட்டை நாற்றம். அவர் ஜன்னல்களைத் திறந்துவைத்தாரே தவிர ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலங்களில் ஸ்டூலைப் போட்டு என் பின்னால் உட்காருவார். நான் தடவுவேன். "இன்னும் கொஞ்சம்... இன்னும்... போதும்," என்பார். நான் கழுவுவேன். இரண்டு பேரும் உள்ளங்கை அளவு அசலோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். பாதி நாள் தப்பாகப் போகும். திரும்பத் தேய்த்து எடுத்து முதலிலிருந்து ஆரம்பிப்போம். கதவைச் செய்தவர் வைத்த நாணல் பச்சை எனக்கு ஒருமுறைகூட வரவில்லை. கிட்டத்தட்ட வந்தது, அவ்வளவுதான்.

நவம்பர் கடைசியில் கார்த்திகை. ஆன்ட்டி பூஜை அறையை வேறு பக்கம் மாடியில் வைத்துவிட்டார். ஆனால் அன்று அகல் விளக்குகளைச் சாப்பாட்டு அறைக்குக் கொண்டுவந்து, கதவுகளுக்கு முன்னால் தரையில் ஒரு வரிசையாக வைத்தார். ஐந்து மணிக்கே வெளியே இருட்டிவிட்டது. பத்துப் பதினைந்து பேர் வந்திருந்தார்கள். நான் கிறிஸ்தவப் பெண் என்று தெரிந்தும் தீப்பெட்டியை என்னிடம் கொடுத்து, நீயே ஏற்று என்றார். கடைசி அகலை ஏற்றி முடித்ததும் யாரோ மேல் விளக்கை அணைத்தார்கள்.

சுடர்கள் ஆடின. சுடரோடு வெளிச்சம் ஆடியது. குளம் அசைந்தது. அல்லி இலைகள் ஏறி இறங்கின, நாணல்கள் ஒன்றை ஒன்று தொட்டன. வலது பக்கத்து நாரை தூக்கிய காலைக் கீழே வைக்கப்போகிறது என்றே நினைத்தேன். இடது பக்கத்து நாரை தண்ணீருக்குக் குனிந்திருந்தது. மேடும் பள்ளமும் கதவைச் செய்தவருடையவை, ஆனால் நிறத்தால் எழுந்த அந்த நாரை அவருடையது இல்லை. எங்களுடையது. அவருடைய குளத்தில் இரவு. எங்கள் குளத்தில் அப்போதுதான் பொழுது சாய்ந்திருந்தது. தெரிந்தவர் பார்த்தால் நடுவில் நிறம் மாறும் கோடு தெரியும். ஆனால் அன்று அந்த அறையில் யாரும் அதைத் தேடவில்லை. கதவில் குளிர்காலக் கோட்டுகளைத் தொங்கவிட்ட அதே குழந்தைகள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். என் மகள் என் புடவையைப் பிடித்து இழுத்து, "அம்மா, தி வாட்டர் இஸ் மூவிங்," என்று ரகசியமாகச் சொன்னாள்.

ஆன்ட்டியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கைகூப்பியிருந்தார். சாமிக்கா, கதவுக்கா என்று நான் கேட்கவில்லை.

அதற்கு அடுத்த வருடம் எங்களுக்குக் கிரீன் கார்டு வந்தது. மேல்பூச்சுகளைச் சோதிக்கும் ஒரு லேபில் எனக்கு வேலை கிடைத்தது. இன்டர்வியூவில், அமெரிக்காவில் முன் அனுபவம் உண்டா என்று கேட்டார்கள். பால்கனியில் செய்த தகட்டுத் துண்டுகளில் பன்னிரண்டை ஒரு டப்பாவில் கொண்டு போயிருந்தேன். எதிரே இருந்தவர் ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார். கதவின் கதையை முழுவதும் சொன்னேன், ஆறு வாரம் தேய்த்ததையும் சேர்த்து. அவர் அந்த இடத்தில்தான் குறிப்பு எழுதிக்கொண்டார்.

சில வருடம் கழித்து ஆன்ட்டிக்கும் அவர் கணவருக்கும் ஹூஸ்டனுக்கு வேலை மாறியது. வீட்டை விற்றார்கள், கதவுகளை விற்கவில்லை. சுவரை உடைத்து, கீல்களோடு எடுத்து, கம்பளியில் சுற்றி டெக்சாஸுக்கு அனுப்பினார்கள். வாங்க வந்தவர் கதவு இல்லாமல் வீடு எப்படி என்று இழுத்தாராம். அப்படியானால் வீடே வேண்டாம் என்று சொல்லுங்கள் என்றாராம் ஆன்ட்டி.

ஹூஸ்டனுக்குப் போய் ஒரு மாதம் ஆனதும் போன் செய்தார். "நீ ஒரு தடவை வந்து பாக்கணும்," என்று மட்டும் சொன்னார். என்ன என்று கேட்டதற்குச் சொல்லவில்லை. நான் பயந்துவிட்டேன். அந்த ஊர் ஈரத்தில் என் நிறம் உரிந்துவிட்டதோ என்று நினைத்தேன். வசந்த விடுமுறையில் மகளைக் கூட்டிக்கொண்டு விமானம் ஏறினேன்.

அங்கே கதவுகள் ஒரு பெரிய ஹாலின் மேற்குச் சுவரில் இருந்தன. எதிரே கிழக்குப் பக்கம் முழுவதும் கண்ணாடி. ஆன்ட்டி காலை எட்டு மணிக்கு என்னை எழுப்பி, காப்பியைக் கையில் கொடுத்து, அந்தக் கண்ணாடிக்கு ஓரமாக, கதவிலிருந்து இருபதடி தள்ளி உட்காரவைத்தார். நியூ ஜெர்சி வீட்டுச் சாப்பாட்டு அறையில் அவ்வளவு தூரம் தள்ளி உட்கார இடமே கிடையாது. டெக்சாஸ் வெயில் நேராக உள்ளே வந்து கதவில் விழுந்தது.

வலது கதவில், நாரையின் கண் போகிற திசையில், தண்ணீர்க் கோடுகளுக்கு அடியில், ஒரு மீன் இருந்தது.

சுத்தியலால் எழுப்பியது அல்ல. அந்த இடத்தில் தகடு தட்டைதான், என் விரலுக்கு அது தெரியும். வெறும் நிறத்தால் செய்தது. சுற்றியிருக்கும் பச்சையைவிட ஒரு மடங்கு கறுத்த பச்சை. வால் பக்கம் கொஞ்சம் செம்பு. நாலு மாதம் நான் அந்த இடத்தைப் பஞ்சுக் குச்சியால் அங்குலம் அங்குலமாகத் துடைத்திருக்கிறேன். அதன் உடம்பின்மேல் என் மூக்கு உரசியிருக்கிறது. அவ்வளவு கிட்டே இருந்ததால் பார்க்கவில்லை. அப்போதுதான் நாரை எதற்காக அப்படி அசையாமல் நிற்கிறது என்று எனக்குப் புரிந்தது.

 காப்பி ஆறிப்போயிருந்தது. பிறகு நான் இடது கதவைப் பார்த்தேன். ஆன்ட்டியும் பார்த்தார். குனிந்திருக்கும் நாரையின் அலகுக்குக் கீழே, எங்கள் கந்தகத்தில் எழுந்த தண்ணீர், ஒரே சீரான பழுப்பில் இருந்தது.

"அங்கயும் ஒண்ணு இருந்திருக்குமோ?" என்றேன்.

"தெரியாதும்மா," என்றார் ஆன்ட்டி.

நாங்கள் இருவரும் வெயில் நகர்ந்து போகும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.